தெளிப்புத் தாரையும் திவலையும்

பயிருக்கு மருந்து தெளிக்கும் குடியானவர் நாசிலைத் திறந்தவுடன் கண்ணுக்குப் புலப்படுவது புகை போன்ற தெளிப்பு ஒன்றே. ஆயினும் நாசிலின் வாயிலிருந்து மருந்து நீர் திவலைகளாகப் புறப்படுவதில்லை. இடையறாத படலமாகவோ மெல்லிய தாரையாகவோதான் அது வெளிப்படுகிறது. சிறிது தூரம் செல்வதற்குள் படலம் கிழிந்து இழைகளாகிறது. இழைகள் அறுந்து திவலைகளாகின்றன. இவையாவும் ஒரு வினாடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் சில பங்கு நேரத்தில் நடந்து முடிகின்றன. அச்சிறு பொழுதில் இழை எவ்வாறு அறுகிறதோ அதற்கேற்பத் திவலையின் பருமன் அமைகிறது. விலை கொடுத்து வாங்கிய மருந்து தன் பயிரின் இலையில் தங்குமா, தரையில் வடியுமா, வரப்பைக் கடந்து அயலார் நிலத்திற்குப் போகுமா என்பது பெரும்பாலும் அப்பருமனைப் பொறுத்தே நிர்ணயமாகிறது.

இது வெறும் பொருள் நஷ்டத்தோடு நிற்கும் விஷயமன்று. நெல் வயலில் அகன்ற இலைக் களைகளை அழிக்க 2,4-டி என்னும் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. நெற்பயிருக்கு அது உரிய அளவில் கெடுதல் செய்வதில்லை. ஆனால் பருத்திச் செடி அம்மருந்தின் மிகச் சிறிய அளவையும் தாங்காது. வரப்புக்கு மறுபுறம் பருத்தி நின்றால், காற்றில் மிதந்து வரும் நுண்திவலைகளே அதன் தளிர் இலைகளை விரல்கள்போல் குறுகச் செய்து, மொட்டும் காயும் உதிரும்படி செய்துவிடும். ஒருவர் களையெடுக்கச் செய்த செலவு மற்றொருவர் வெள்ளாமையை அழிக்கும் இத்தகைய விபத்து, இழை அறுபடும் விதத்தை அறிந்து நடந்தால் பெரும்பாலும் தவிர்க்கத் தக்கதேயாகும்.

காற்றில் போகும் மருந்து

திவலைகளை அளக்க வழங்கும் அளவு மைக்ரான் எனப்படும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்ததில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பயிருக்கு மேல் 50 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நீர்த்திவலை தானாக விழுவதாகவும், காற்று வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசுவதாகவும் வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் பலன் கவனிக்கத் தக்கது. 400 மைக்ரான் விட்டமுள்ள திவலை அரை மீட்டர் தூரம் விலகுவதற்குள் ஏறக்குறைய பயிரை அடைந்துவிடும். 200 மைக்ரான் திவலை சுமார் ஒன்றரை மீட்டர் விலகும். 100 மைக்ரான் திவலை சுமார் 4 மீட்டர் செல்லும். 50 மைக்ரான் திவலையோ விழுவதற்கு ஏழு வினாடி எடுத்துக்கொள்வதால் 14 மீட்டர் அளவு போய்விடும். வெயில் கடுமையாயிருந்தால் அது வழியிலேயே உலர்ந்து மேலும் சிறுத்து, இன்னும் நெடுந்தூரம் மிதந்து செல்லும்.

அப்படியாயின் திவலைகளை இயன்றவரை பெரிதாக்கிவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. திவலையின் விட்டம் இருமடங்கானால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகிறது. ஆகவே 100 மைக்ரான் திவலைகள் எட்டுக்கு உரிய மருந்து 200 மைக்ரான் திவலை ஒன்றிலேயே அடங்கிவிடும். இலையில் எட்டு இடங்களில் படவேண்டியது ஓரிடத்தில் மட்டும் படும். இலையின் அடிப்புறம் ஒட்டியிருக்கும் பூச்சிகளுக்கு அத்தெளிப்பு பயன்படாது. மேலும் மிகப் பெரிய திவலைகள் மெழுகு படர்ந்த இலையில் மோதித் தெறித்து மண்ணில் விழுந்துவிடும். எனவே வேண்டப்படுவது மிக நுண்ணியதுமன்று, மிகப் பெரியதுமன்று. நடுத்தரமான திவலைகள் ஒரே சீராக அமைவதே நலம். இதற்கு இழை அறுபடும் இரகசியத்தை முதலில் அறிய வேண்டும்.

தாரை ஏன் அறுகிறது

நீரின் மேற்பரப்புக்கு எப்போதும் சுருங்க முயலும் இயல்பு உண்டு. இதனை மேற்பரப்பு இழுவிசை என்பர். ஒரே அளவு நீரை நீண்ட இழையாக வைப்பதைக் காட்டிலும் சில உருண்டைகளாக வைத்தால் மேற்பரப்பு குறையும். ஆதலால் இழை உருண்டைகளாக மாறவே முயல்கிறது. பிரான்ஸ் தேசத்து ஸவார் என்பவர் 1833-ல் நீர்த்தாரைகள் திவலைகளாகப் பிரியும் விதத்தை ஆராய்ந்து வெளியிட்டார். பெல்ஜியம் தேசத்துப் பிளாட்டோ என்பவர், கண்பார்வையை இழந்த பின்னரும் பிறர் உதவியால் பல சோதனைகளை நடத்தி, 1873-ல் வெளிவந்த தம் நூலில் திரவ உருவங்களைப் பற்றிய முடிவுகளைத் தொகுத்தார். தாரையில் தோன்றும் அலையின் நீளம் தாரையின் சுற்றளவைவிட மிகுந்தால் அவ்வலை வளரும். குறைந்தால் மறையும் என்பது அவற்றுள் முக்கியமானது.

வளரக்கூடிய அலைகள் பலவாயிருக்க, வெல்வது எது? இதற்குக் கணித மூலம் விடை கண்டவர் இங்கிலாந்தின் ரேலே பிரபு. அவர் 1870-களின் இறுதியில் காட்டிய முறை, வட்டிக்கு வட்டி ஏறும் கடனை ஒத்தது. பலரிடம் சிறு தொகைகள் வெவ்வேறு வட்டி வீதத்தில் கடனாக நின்றால், சில காலத்திற்குள் வட்டி வீதம் மிக அதிகமான கடனே மற்றெல்லாவற்றையும் மிஞ்சி நிற்கும். அதுபோலவே, விரைந்து வளரும் அலையே தாரையைத் துண்டிக்கிறது. நீர் போன்ற இளகிய திரவத்தில் அந்த அலையின் நீளம் தாரையின் விட்டத்தைப்போல் சுமார் நான்கரை மடங்கு. அவ்வளவு நீளமுள்ள தாரைத் துண்டு ஒரு திவலையாகத் திரண்டால் அதன் விட்டம் தாரையின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய 1.9 மடங்கு ஆகும். துவாரம் தேய்ந்து அகன்ற நாசில் ஏன் வேறுவிதத் தெளிப்பைத் தருகிறது என்பது இதனால் ஒருவாறு விளங்கும்.

ஆனால் இரு பெருந்திவலைகளுக்கு இடையே கடைசியாக ஒரு மெல்லிய கழுத்து மிஞ்சுகிறது. நீரில் அக்கழுத்து இருபுறமும் அறுந்து, தானே ஒரு சிறு திவலையாகிவிடுகிறது. பெருந்திவலைகளைப் பின்தொடரும் இத்துணைத் திவலைகளே காற்றில் எளிதில் பறக்கின்றன. நஷ்டத்திற்கு ஒரு முக்கிய வாயில் இதுவே.

வெல்லப் பாகும் வெண்டைச் சாறும்

எல்லாத் திரவங்களும் நீரைப் போல் நடப்பதில்லை. இதனை எந்த வீட்டிலும் சோதித்துப் பார்க்கலாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீரில் நனைத்துப் பிரித்தால் இழை ஏதும் நில்லாது. பதமான வெல்லப் பாகில் தோய்த்துப் பிரித்தால் கம்பி போல் இழை இழுபட்டு, பின்னர் அறுந்து விழும். வெண்டைக்காயின் வழுவழுப்பான சாற்றில் தோய்த்துப் பிரித்தாலோ, இழை நீண்டு நிற்பதுடன், விரல்களை நெருக்கும்போது பின்னோக்கிச் சுருங்கவும் முயலும். பாகின் இழை நிற்பது அதன் பிசுபிசுப்பினால். வெண்டைச் சாற்றின் இழை நிற்பதற்குப் பிசுபிசுப்புடன் மீள்சக்தியும் காரணம். இரப்பர் வாருக்குள்ள இயல்பில் ஒரு பகுதி அத்திரவத்தில் கலந்திருக்கிறது எனலாம். கரும்புச் சாற்றின் அழுக்கைத் திரட்டி நீக்குவதற்கு வெல்லம் காய்ச்சுவோர் சேர்க்கும் வெண்டைத் தண்டின் சாறும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இம்மீள்சக்தி எங்கிருந்து வருகிறது? அச்சாற்றில் மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் கரைந்திருக்கின்றன. இத்தகைய பொருள்களைப் பாலிமர் என்பர். திரவம் அசையாதிருக்கையில் அச்சங்கிலிகள் நூற்கண்டு போல் சுருண்டு கிடக்கும். திரவம் இழையாக இழுபடும்போது அவையும் இழுபட்டு நிமிர்கின்றன; நிமிர்ந்த பின் மீண்டும் சுருள முயல்கின்றன. சுருள்வதற்கு அவை எடுத்துக்கொள்ளும் காலத்திற்குத் தளர்வு நேரம் என்று பெயர்.

பிசுபிசுப்பு மட்டுமுள்ள திரவத்தை இழையாக இழுக்கும்போது தோன்றும் எதிர்ப்பு, அது சாதாரணமாக வழுக்கி ஓடும்போது தோன்றும் எதிர்ப்பைப்போல் மூன்று மடங்கு என்று டிரௌட்டன் என்பவர் 1906-ல் நிரூபித்தார். சங்கிலி மூலக்கூறுகள் கலந்த திரவத்தில் இவ்விகிதம் மூன்றோடு நில்லாமல் பல நூறு மடங்காகவும் உயரக்கூடும். தொட்டியில் இருக்கும்போது நீரைப் போலவே தோன்றும் கலவை, இழையாகும் கணத்தில் கயிறு போல் உறுதி பெறுவது இதனாலேயே.

மூன்று பேரேடுகள்

இவ்விழைகளைக் கணிதத்தில் அடக்குவோர் முதலில் ஒரு சிக்கனத்தைக் கையாளுகின்றனர். இழையின் நீளம் அதன் பருமனைவிட மிக அதிகமாதலால், ஒவ்வோர் இடத்திலும் இழையின் பருமன் என்ன, அங்கே திரவம் ஓடும் வேகம் என்ன என்று மட்டும் அறிந்தால் போதும். குறுக்குவாட்டு நுட்பங்களைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். பிறகு மூன்று பேரேடுகள் வைக்கப்படுகின்றன. முதலாவது திரவத்தின் வரவு செலவு: ஓரிடத்திற்குள் வந்ததும் அங்கிருந்து போனதும் நிகராக வேண்டும். இரண்டாவது விசையின் கணக்கு: மேற்பரப்பின் நெருக்குதல், பிசுபிசுப்பின் தடை, சங்கிலிகளின் இழுப்பு ஆகியவற்றின் நிகர மதிப்பே வேக மாறுதலாகும். மூன்றாவது சங்கிலிகளின் நீட்சிக் கணக்கு: இழுபடுவதால் எவ்வளவு ஏறியது, தளர்வதால் எவ்வளவு கழிந்தது என்பது. இம்மூன்றாம் பேரேட்டை எழுதும் முறைக்கு, பிரிட்டனில் செயற்கைப் பட்டு உற்பத்தி செய்த கோர்ட்டால்ட்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய ஓல்ட்ராய்ட் என்பவர் 1950-ல் வெளியிட்ட சமன்பாடுகள் அடிப்படையாயின.

இக்கணக்கில் முதலில் ஒரு புதிர் தோன்றிற்று. 1965-ல் மிடில்மன் என்பவர் கணக்கிட்டபோது, மீள்சக்தியுள்ள தாரையில் அலைகள் அதே பிசுபிசுப்புள்ள சாதாரணத் தாரையைவிட விரைவாகவே வளரும் என்று விடை வந்தது. கண்கூடாகவோ அத்தாரை அறாமல் நீண்ட நேரம் நின்றது. 1969-ல் கோல்டினும் அவருடன் உழைத்தவர்களும் செய்த சோதனைகள் இரண்டையும் இணைத்துக் காட்டின. அலை தொடக்கத்தில் விரைவாகவே வளர்கிறது. ஆனால் கழுத்து மெலிந்தவுடன் சங்கிலிகள் நிமிர்ந்து அறுபடுவதைத் தடுக்கின்றன. தாரை மணிகள் கோத்த நூல் போலாகி, அந்நிலையிலேயே சிறிது காலம் நிற்கிறது.

அந்நூல் மெலியும் விதமும் கணக்குக்கு உட்பட்டதே. பாகின் இழை, மாதந்தோறும் ஒரே தொகையைச் செலுத்தித் தீர்க்கும் கடனைப் போல் மெலிகிறது. அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. மீள்சக்தியுள்ள இழையோ, தவணைதோறும் நிலுவையில் பாதியை மட்டும் செலுத்தும் கடனைப் போன்றது; ஒவ்வொரு தவணையும் அதன் பருமன் பாதியாகுமேயன்றி முற்றும் தீராது. அந்தத் தவணை, தளர்வு நேரத்தைப்போல் சுமார் இரு மடங்கு என்பது கணக்கின் முடிவு. சங்கிலிகள் இனி நிமிர இடமில்லாதபடி முழுதும் நிமிர்ந்த பின்னரே இழை அறுகிறது என்பதை என்டோவ், ஹிஞ்ச் என்னும் இருவர் 1997-ல் விவரித்தனர். இழை மெலியும் வேகத்தை அளந்து தளர்வு நேரத்தைக் காணும் கருவியொன்றை மாஸ்கோவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 1990-ல் விவரித்திருந்தனர். இத்தகைய கருவிகளால், கலவையின் ஒரு துளியைக் கொண்டே அதன் இழைக்குணத்தை மதிப்பிட முடிகிறது.

பட்டு இழையின் சாட்சி

இக்கணிதத்தின் ஒரு கிளை தெளிப்புக்காக வளர்ந்ததன்று. நூல் நூற்பதற்காக வளர்ந்தது. உருகிய பொருளைத் துவாரத்தின் வழியே இழுத்து நூலாக்கும் தொழிலுக்கு மாட்டோவிச், பியர்சன் என்னும் இருவர் 1969-ல் இழைச் சமன்பாடுகளை அமைத்தனர். இயற்கையில் இவ்வித்தையைப் பட்டுப்புழு நன்கு செய்துவருகிறது. புழுவின் சுரப்பியில் பட்டு ஒரு திரவமாகவே இருக்கிறது. புழு அதனை ஓரிடத்தில் ஒட்டிவிட்டுத் தலையை அசைத்து இழுக்க, நீண்ட மூலக்கூறுகள் வரிசைப்பட்டு இறுகி நூலாகின்றன. திரவம் நீரைப் போன்றிருந்தால் நூலுக்குப் பதில் துளிகளே கிட்டும். ஒரே கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் இழை அறாமல் கிடைப்பது மீள்சக்தியின் மகிமையே. நூற்போர் இழை அறவே கூடாது என்கின்றனர். தெளிப்போர் இழை அற வேண்டும், ஆனால் பொடியாகக் கூடாது என்கின்றனர். இருவர்க்கும் கணக்கு ஒன்றே.

தெளிப்பில் இதன் பயன்

மருந்து நீரில் தக்க பாலிமரை மிகச் சிறிய அளவில் கரைத்தால், இழையின் கழுத்து உடனே பொடியாகாமல் தாமதிக்கிறது. அந்த இடைவேளையில் கழுத்திலுள்ள திரவத்தின் பெரும்பகுதி பெருந்திவலைகளில் சேர்ந்துவிடுகிறது. நுண்திவலைகள் குறைகின்றன. காற்றில் பறப்பதைக் குறைக்கும் சேர்மானங்கள் சில இத்தத்துவத்தைக் கொண்டவை. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படும் பிசினும் இவ்வகையில் பயன்பட்டு வருகிறது.

இலையில் விழுந்த பின்னரும் பயன் உண்டு. மெழுகு படர்ந்த இலையில் மோதும் நீர்த்திவலை தட்டையாகப் பரவி, உடனே சுருங்கித் துள்ளி விழுந்துவிடும். தெளித்ததில் பாதிக்கும் குறைவாகவே இலையில் தங்குவது பலமுறை காணப்பட்டுள்ளது. பெர்ஜெரான், பான் முதலியோர் 2000-ம் வருஷம் வெளியிட்ட சோதனையில், சிறிதளவு பாலிமர் சேர்த்த திவலை பரவியபின் மெதுவாகவே சுருங்கித் துள்ளாமல் தங்கிவிட்டது தெரிந்தது.

எனினும் இது சர்வரோக நிவாரணியன்று. அளவு மிஞ்சினால் விசிறிபோல் விரியவேண்டிய தெளிப்பு குறுகி, பயிரின் மேல் வரிவரியாக விழும். பம்பும் வால்வும் நாசிலும் திரவத்தை மீண்டும் மீண்டும் நெருக்கும்போது நீண்ட சங்கிலிகள் துண்டிக்கப்பட்டுக் குணம் குன்றும். ஒட்டும் திரவம் என்று வழங்குபவை பெரும்பாலும் வேறு இனத்தவை. சோப்புப் போன்ற அவை மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து மருந்தை இலையில் பரவச் செய்பவை. நுண்திவலைகளைக் குறைப்பது அவற்றின் வேலையன்று. சில நாசில்களில் அவை நுண்திவலைகளை அதிகப்படுத்தவும் கூடும். ஆகவே ஒன்றிற்குப் பதில் மற்றொன்றைச் சேர்ப்பது தவறு. வீட்டில் கிடைக்கும் சோப்பு, கஞ்சி, பிசின் முதலியவற்றைத் தம் மதிப்புப்படி தொட்டியில் கலப்பதும் தவறு.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

சேர்மானம் எதுவும் இல்லாமலே நஷ்டத்தின் பெரும்பகுதியைத் தடுக்கலாம். அதற்குரிய வழிகள் பின்வருமாறு:

1. களைக்கொல்லிக்கு விசிறி நாசிலும், பூச்சிமருந்துக்குக் கூம்பு நாசிலும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். தேய்ந்த நாசிலை மாற்றிவிட வேண்டும்.

2. களைக்கொல்லியைக் கைத்தெளிப்பானால் குறைந்த அழுத்தத்தில் தெளிக்க வேண்டும். அழுத்தம் ஏற ஏறத் திவலை சிறுக்கும். காற்றால் மருந்தை ஊதும் விசைத்தெளிப்பானைக் களைக்கொல்லிக்கு உபயோகிக்கலாகாது.

3. நாசிலைப் பயிருக்கு அருகே தாழ்த்திப் பிடிக்க வேண்டும். உயரம் இருமடங்கானால் திவலை காற்றில் நிற்கும் நேரமும் ஏறக்குறைய இருமடங்காகும்.

4. அயலார் பருத்தி இருக்கும் திசை நோக்கிக் காற்று வீசும்போது 2,4-டி தெளிக்கலாகாது. காற்றே அசையாத விடியற்காலையும் தக்கதன்று. அப்போது நுண்திவலைகள் கீழே இறங்காமல் தரையருகே மிதந்து எதிர்பாராத திசைக்கு நகரும்.

5. எஸ்டர் வகையான 2,4-டி, விழுந்த பின்னரும் ஆவியாகிப் பரவக்கூடியது. திவலையைப் பெரிதாக்குவதால் அந்த ஆவி குறையாது. பருத்திக்கு அருகே அவ்வகையைத் தவிர்க்க வேண்டும்.

6. 2,4-டி தெளித்த தெளிப்பானைப் பருத்திக்கு உபயோகிக்கலாகாது. தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே உத்தமம்.

7. எந்தச் சேர்மானமும் மருந்தின் சீட்டில் அனுமதித்த அளவிலேயே இருக்க வேண்டும். முதலில் வெறும் நீரில் கலந்து, உலர்ந்த தரையில் தெளித்து, நனைந்த பட்டை சீராக விரிகிறதா என்று பார்த்த பின்னரே மருந்தைச் சேர்க்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

அயல் நிலத்து மருந்தால் பயிர் கெட்டது என்று பிராது வரும்போது, தாமதமின்றி நிலத்தைப் பார்வையிடுவது அவசியம். காற்றில் வந்த திவலைகளால் நேர்ந்த சேதம், தெளித்த நிலத்தை அடுத்த வரப்போரத்தில் மிகுந்தும் உட்புறம் செல்லச் செல்லக் குறைந்தும் காணப்படும். தூரத்திற்கேற்பத் திவலைகளின் எண்ணிக்கை குறைவதே இதற்குக் காரணம். சேதம் வயல் முழுவதும் ஒரே சீராகவோ, தெளிப்பவர் நடந்த வரிசைப்படியோ இருந்தால், கழுவாத தெளிப்பானைப் பருத்திக்கு உபயோகித்ததே காரணமாயிருக்கலாம். தெளித்த நாள், நேரம், காற்றின் திசை, மருந்தின் பெயரும் வகையும், நாசிலின் இனம், இரு நிலங்களுக்கும் இடையேயுள்ள தூரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் உண்மை விளங்குவதோடு வீண் பகையும் நீங்கும். நெல்லும் பருத்தியும் அடுத்தடுத்து நிற்கும் ஊர்களில், தெளிக்கும் நாளை முன்னதாக அயலாருக்கு அறிவிக்கும் வழக்கத்தை ஏற்படுத்துவது பெரிதும் நன்மை தரும்.

நாசிலைவிட்டு வெளியேறிய திவலையைத் திரும்ப அழைக்க எவராலும் ஆகாது. அதன் பருமனை நிர்ணயிக்கும் நாசில், அழுத்தம், கலவை ஆகிய மூன்றும் தெளிப்பவர் கையில் இருக்கின்றன. அம்மூன்றையும் தொட்டியை நிரப்புவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளும் குடியானவரின் மருந்து அவர் நிலத்திலேயே நிற்கும். அயலாரின் பருத்தியும் பிழைக்கும்.